காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. நாள், மாதம், வருடம் என்று மூன்றாகப் பிரித்த சிறிய கட்டம். ஒரு செச்சென் பெண்ணின் கணவரைப் படைவீரர்கள் வீட்டிலிருந்து இழுத்துப்போன தேதியை அதில் எழுத வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தேதி தெரியாது. நான் எழுதினேன்.

அது என்ன தேதி என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு முறை எழுதியதே போதும்.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதிவேடுகளோடு முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பதினேழு வயதிலிருந்து நாள் தவறாமல் டைரி எழுதுகிறேன். எங்கள் பேராக் மாநிலத்தில் அழிந்துபோன ரப்பர் தோட்டங்களின் காலவரிசையைச் சொந்த ஆர்வத்தில் தொகுத்து வருகிறேன். எந்தத் தோட்டம் எப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது, எந்தப் பள்ளி எப்போது மூடியது, எந்தத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் கடைசிப் பூசை எப்போது நடந்தது என்றெல்லாம் என்னிடம் இருக்கிறது. கல்யாண வீட்டில் பழைய தோட்டத்து ஆட்கள் ஏதாவது ஒரு வருடத்தைப் பற்றித் தகராறு செய்தால் எனக்குத்தான் போன் வரும். சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை. நடந்ததில் பாதிக் குற்றம் அந்தப் பெருமையைச் சேரும்.

செச்சென்யாவுக்கும் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. 1994 டிசம்பரில் ரஷ்யப் படைகள் அங்கே நுழைந்தபோது தொடங்கியது. நாளிதழ்ச் செய்திகளை வெட்டி ஒட்டி, கிடைத்த புத்தகங்களிலிருந்து குறிப்பெடுத்து, 1996 ஆகஸ்டில் சண்டை நின்றது வரை எழுதினேன். 1999 இலையுதிர் காலத்தில் மறுபடியும் குண்டு விழுந்தபோது நோட்டை மறுபடியும் எடுத்தேன். அந்த வருடங்களில் எங்கள் சர்ச் வாசலில் பேச்செல்லாம் இலங்கைப் போரைப் பற்றித்தான். செச்சென்யாவைப் பற்றி நான் மட்டும்தான் பேசினேன், கேட்க ஆள் இல்லை. 1944 பிப்ரவரி 23 அன்று அந்த மக்களை ஆடுமாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றத் தொடங்கி, சில நாட்களில் ஓர் இனம் முழுவதையும் கஸக்ஸ்தான் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று படித்ததிலிருந்து என்னால் அவர்களை விட முடியவில்லை. என் மனைவி கிண்டல் செய்வாள்.

"நம்ம வீட்டுல பாதிப் பேருக்குப் பொறந்த நாளே தெரியாது. இவரு எங்கயோ பனியில இருக்கிறவங்களுக்குத் தேதி எழுதிக்கிட்டு இருக்காரு."

அந்தச் செச்சென் அம்மாவை முதலில் பார்த்ததும் என் மனைவிதான். பாசாரில் காய்கறிக் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தலையில் துணி கட்டிக்கொண்டு, குச்சாய்க் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துத் திரும்ப வைத்தாராம். குச்சாய் என்பது பூண்டு வாசனை அடிக்கும் தட்டையான பச்சைக் கீரை, சீனர்கள் முட்டையில் போட்டு வதக்குவார்கள். கடைக்காரச் சீன அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. என் மனைவி நடுவில் புகுந்து இரண்டு கட்டு வாங்கி அவர் கையில் கொடுத்தாள். அவருக்குத் தெரிந்த மலாய் நாலைந்து வார்த்தைதான். அதை வைத்துக்கொண்டு, என் ஊரில் காட்டில் இதே மாதிரி ஒன்று முளைக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளி, மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே ஓர் அறையில் மகனோடு குடியிருந்தார். வயது ஐம்பது இருக்கும். மகனுக்கு இருபத்து நாலு. 2022 செப்டம்பரில் உக்ரைன் போருக்கு ரஷ்யா ஆள் திரட்டத் தொடங்கியதும் இவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், இரண்டு மூன்று நாடு மாறி, விசா இல்லாமல் இறங்கலாம் என்று மலேசியாவுக்கு வந்திருந்தார். கோலாலம்பூரில் வாடகை கட்டுபடியாகவில்லை. பள்ளிவாசலில் யாரோ ஈப்போவில் அறை பார்த்துக் கொடுத்தார்கள். மகன் பக்கத்து ஊரான லகாட்டில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தான். கைபேசியைப் பார்த்தே ஆங்கிலம் கற்றவன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் அவன்தான் வாய்.

முதல் தடவை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தேநீர் ஆறுவதற்குள் நான் என் செச்சென்யா நோட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். தமிழ் எழுத்து புரியாது. ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார். ஒரு படத்தில் இடிந்த அடுக்குமாடி. விரலை அதன்மேல் வைத்து மகனிடம் ஏதோ சொன்னார்.

"இந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடை இருந்ததாம்," என்றான் அவன்.

நான் உடனே பேனாவை எடுத்து அதை ஓரத்தில் குறித்துக்கொண்டேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அவர்களுக்கு வேண்டியது ஓர் அட்டை. கோலாலம்பூரில் அகதி அட்டை வழங்கும் அலுவலகத்தில் மனுப் போட்டிருந்தார்கள். அட்டை இருந்தால் சாலையில் நிறுத்திக் கேட்டாலும் காட்ட ஏதோ ஒன்று இருக்கும். மகனின் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், முடியப்போகிறது. அதைப் புதுப்பிக்கத் தன் நாட்டுத் தூதரகத்துக்குப் போனால் போருக்குப் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தான். அட்டை இல்லாமல் பிடிபட்டால் தடுப்பு முகாம், பிறகு ஊருக்கே திருப்பி அனுப்பும் விமானம். நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டிய படிவம் வந்திருந்தது. உதவ முடியுமா என்று கேட்டான். எனக்கு மறுக்கத் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த நோட்டுக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

மூன்று சனிக்கிழமை மத்தியானங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவர் சொன்னார், மகன் ஆங்கிலமாக்கினான், நான் எழுதினேன். 1991இல் சுதந்திரம் என்று அறிவித்தபோது அவருக்குப் பதினாறு வயது. சதுக்கத்தில் பெரியவர்கள் வட்டமாகச் சுற்றி ஆடினார்கள், நாங்கள் கை தட்டினோம் என்றார். அடுத்து முதல் போரில் க்ரோஸ்னி நகரத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறை. குடிக்கப் பனியை உருக்கினார்கள். அவருடைய அப்பா அந்த நிலவறையிலேயே இறந்தார். குண்டு எதுவும் படவில்லை, மூச்சு முட்டித்தான் இறந்தார். இடுகாட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் கட்டடத்துக்கு முன்னால் பூஞ்செடி வைக்கும் பாத்தியில் புதைத்தார்கள். அண்டை வீட்டு ரஷ்யக் கிழவி ஒருத்தியையும் அதே பாத்தியில் புதைத்தார்களாம். "ரஷ்யக்காரியானாலும் அவள் தலைமேலும் அதே குண்டுதான் விழுந்தது," என்றார்.

போர் நின்ற பிறகு கல்யாணம். கணவர் ரொட்டி வண்டி ஓட்டியவர். இரண்டாம் போர் வந்ததும் பக்கத்திலிருந்த இங்குஷேத்தியாவுக்கு ஓடிப்போய்க் கூடாரத்தில் ஒரு குளிர்காலம். சண்டை அடங்கியது என்று நம்பிக் கணவரின் கிராமத்துக்குத் திரும்பினார்கள். அங்கேதான் அது நடந்தது.

பனி உருகும் சமயத்தில் காடுகளில் காட்டுப் பூண்டு முளைக்குமாம். குடும்பம் குடும்பமாகப் போய்த் தோண்டி வருவார்கள். தோலை உரித்து, வேரைத் துடைத்து, வெண்ணெயில் வேகவைப்பார்கள். அன்று காலை அவர் அடுக்களையில் உட்கார்ந்து காட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் வயிற்றில். படைவீரர்கள் வீடு வீடாக ஆண்களைச் சேர்த்தார்கள். கணவர் கையில் தண்ணீர் வாளி இருந்தது. செருப்பு மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். விடவில்லை. தோட்டத்துக்குப் போடும் ரப்பர் செருப்போடு போனார்.

"அதற்குப் பிறகு ராணுவ முகாம் வாசலில் நின்றேன். எவ்வளவு நாள் என்று தெரியாது. கையில் பூண்டு வாசனை போவதற்கு முன்பே எனக்குக் கிழமைகள் போய்விட்டன."

இதைச் சொல்லும்போது மகன் என்னைப் பார்க்காமல் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தான். கணவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அது எந்தத் தேதி?"

"காட்டுப் பூண்டு சமயம்," என்றார்.

"மாதம்?"

"பனி பாதி இருந்தது. பாதி போயிருந்தது."

"வாரத்தில் என்ன நாள்?"

அவர் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். என் மனைவி பின்னாலேயே போய்க் குழாயை மூடிவிட்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது சமாதானம் ஆகாது என்று எனக்கே தெரியும்.

என் அம்மா பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். பிறந்தது மழைக்காலம், மரத்தில் பால் இறங்காத வாரம் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். பின்னாளில் பேர் பதிய வேண்டி வந்தபோது தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தன் மனதில் தோன்றிய ஒரு தேதியை எழுதினார். சர்ச்சில் ஞானஸ்நானப் புத்தகத்தில் வேறொரு தேதி. கிராணி எழுதிய தேதிக்கு முன்பே அம்மாவுக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது. குடியுரிமைக்கு மனுப் போட்டபோதெல்லாம் அந்த இரண்டு தேதிகளும் ஒன்றையொன்று பார்த்து முறைத்தன. எந்த நாட்டில் பிறந்தாரோ அந்த நாட்டில் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு, குடியுரிமை இல்லாமல், இறந்தார். அவருக்காகக் கடிதம் எழுதி எழுதித்தான் நான் தேதிக்காரன் ஆனேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் மனு தோற்றது என்றுதான் அந்த வருடங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

ஆகவே கட்டத்தை நிரப்பினேன். நோட்டை எடுத்தேன். அந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஆட்களைப் பிடித்துப்போன நாட்களைப் பற்றி நான் குறித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். காட்டுப் பூண்டு எந்த மாதங்களில் வரும் என்று தேடினேன். மகன் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். மூன்றும் ஓரிடத்தில் கூடிய மாதிரி தெரிந்தது. அப்படிக் கூடும்போது உடம்பில் ஓடும் ஒரு சிலிர்ப்பு இருக்கிறதே, அது வந்தது. கறுப்பு மையில், நல்ல எழுத்தில் எழுதினேன்.

மகன் படித்துப் பார்த்துவிட்டு விரலை அங்கே வைத்தான். "அம்மா இதைச் சொல்லவில்லையே."

"காலியாக விட்டால் நம்ப மாட்டார்கள்."

அவன் அம்மாவிடம் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார், அலமாரியில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார், ஒரு வாக்கியம் சொன்னார்.

"நீங்கள் படித்தவர் என்கிறார்," என்றான்.

அன்று மாலை என் மனைவி கேட்டாள். "அவங்க சொன்னாங்களா, நீங்களா போட்டீங்களா?"

"கணக்குப் போட்டுத்தான் எழுதினேன். சும்மா விட முடியாதுலா, கட்டம் இருக்கு."

"உங்களுக்குத்தான் ஒரு கட்டம் காலியா இருந்தா சோறு எறங்காதே," என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குமேல் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

படிவத்தோடு சில இணைப்புகள் வைத்தோம். அவற்றில் ஒன்று அவர் பிளாஸ்டிக் உறையில், எட்டாக மடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டே வந்த ரஷ்ய மொழிக் காகிதம். கணவரைத் தேடித் தரும்படி அங்குள்ள அதிகாரியிடம் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். "அப்பாவைக் கேட்டு எழுதியது. நான் பிரித்ததே இல்லை," என்றான் மகன். நானும் முழுதாகப் பிரிக்கவில்லை. நகல் எடுத்து, மூலையில் ‘இணைப்பு ஐந்து’ என்று எழுதி, கடைசியில் வைத்துத் தைத்தேன். அடியில் ஊதா மையில் ஒரு முத்திரை இருந்தது. எண்கள் தெரிந்தன. கோப்பு எண் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்காணலுக்கு அவர்கள் மட்டும் ரயிலில் போய் வந்தார்கள். எப்படிப் போனது என்று கேட்டதற்கு மகன் தோளைக் குலுக்கினான். சில வாரங்கள் கழித்துக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான், டயர் கடை உடுப்போடு, கையில் கறுப்பு அப்பியிருந்தது. உட்காரவில்லை.

மனு ஏற்கப்படவில்லை. நம்பகத்தன்மை என்ற தலைப்பில் ஒரு பத்தி. கணவர் பிடித்துச் செல்லப்பட்டதாகப் படிவத்தில் சொல்லப்பட்ட தேதிக்குப் பதினோரு நாள் முன்பே, அவரைக் காணவில்லை என்று மனுதாரர் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இணைப்பு ஐந்தைப் பார்க்கவும்.

நகலை எடுத்துப் பார்த்தேன். முத்திரைக்குள் நாள், மாதம், வருடம். ரஷ்ய எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் எண்கள் எல்லா ஊரிலும் ஒரே எண்கள்தான். அந்தக் காகிதக் கட்டு முழுவதிலும் நிஜமான தேதி ஒன்றே ஒன்று இருந்தது. வாழ்நாள் முழுதும் தேதி தேடியவன் அதை மட்டும் படிக்கவில்லை.

"நேர்காணலில் என்ன கேட்டார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இந்தத் தேதியை யார் சொன்னது என்று கேட்டார்கள். அம்மா, நான்தான் சொன்னேன் என்றார்."

"ஏன்? நான் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாமே."

அவனுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை போலிருந்தது. "உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம், அங்கிள்," என்றான்.

மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்தத் தேதி என் கற்பனை, அந்தப் பெண் அதைச் சொல்லவே இல்லை என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அன்றே எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோட்டை மறுபடியும் புரட்டினேன், பழைய நாளிதழ் வெட்டுகளைப் பார்த்தேன், எந்த இடத்தில் கணக்குத் தவறியது என்று தேடினேன். பெற்றவரே மூன்று மாதம் என்று தோராயமாகச் சொன்னதை நான் தொண்ணூறு நாளாக ஆக்கியிருந்தேன், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்த பிறகும் எழுதவில்லை. தோட்டங்களின் காலவரிசையை அச்சுக்குக் கொடுக்க இருந்தேன். இந்த ஆள் ஆதாரமில்லாமல் தேதி போடுகிறவன் என்று என் கையெழுத்திலேயே ஒரு காகிதம் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும் என்ற நினைப்பு என் கையைப் பிடித்துக்கொண்டது. இப்படி எட்டு நாள்.

எட்டாம் நாள் லகாட்டில் குடிநுழைவுச் சோதனை நடந்தது. டயர் கடையில் அவனிடம் காட்ட முடிந்தது முடிந்துபோன கடப்பிதழ் மட்டும்தான். மேல்முறையீடு போட்ட ரசீது கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. விட்டிருக்கலாம், விடாமலும் போயிருக்கலாம். ஆனால் ரசீது இல்லை. அது ஏன் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். மொழிபெயர்க்க ஆள் இல்லை. மகனைத்தான் கொண்டுபோய்விட்டார்களே. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினார். என் மனைவி அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என் மேசைக்கு வந்து நோட்டைத் தூக்கி அலமாரிமேல் போட்டுவிட்டு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை ரயிலில் கோலாலம்பூர் போய் அலுவலக முகப்பில் கொடுத்தேன். உள்ளே போய்ப் பேச வேண்டும் என்றேன், அதற்கு அவசியமில்லை என்றார்கள். ஒரு வழக்கறிஞரும் உதவ முன்வந்தார்.

மகன் இருந்த தடுப்பு முகாம் தெற்கே, பீடோர் வழியாகப் போக வேண்டும். என் அம்மா பிறந்த தோட்டம் இருந்த இடத்தைத் தாண்டித்தான் சாலை. இப்போது அங்கே செம்பனைதான். வழக்கமாக யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கி விளக்கம் சொல்வேன். அந்த அம்மாவோடு போன முதல் தடவை வேகத்தைக் குறைக்காமலே தாண்டிப்போனேன்.

முகாம் வாசலில் அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் நிழல் வரும் என்று பார்த்து உட்கார்ந்தார். நான் முகப்புக்கும் காருக்கும் இடையே அலைந்தேன். பர்மாக்காரப் பெண்கள் சிலர், இந்தோனேசியப் பெண் ஒருத்தி, எல்லாரும் காத்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து முண்டினார்கள். அவர் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். வந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி அழைத்து, பேரைக் கேட்டு, வந்த வரிசைப்படி எழுதினார். ஒருவருக்கொருவர் மொழி தெரியாது. ஆனாலும் அரை மணி நேரத்தில் அங்கே வரிசை வந்துவிட்டது. அவரவர் எண்ணை அவரவர் விரலால் காட்டிக்கொண்டார்கள்.

இருபத்து நாலு வருடத்துக்கு முன்னால் கணவருக்காக நின்ற வாசலில் கற்றுக்கொண்டது இது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் என்னைப் பார்த்து மலாயில் ஒரே வார்த்தை சொன்னார். "பியாசா." வழக்கம்தான் என்று அர்த்தம்.

அவரைத் திரும்பவும் ஒரு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். படிவத்தின் நகல் என் கோப்பில் இருந்தது. எடுத்து நான்காம் பக்கத்தைத் திறந்து அந்தக் கட்டத்தைத் தொட்டேன், பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். மன்னிப்பு என்பதற்கு எனக்கு மலாயில் வார்த்தை தெரியும். அன்று அது வாயில் வரவில்லை.

அவர் கட்டத்தைப் பார்த்தார். "தாவு," என்றார். தெரியும் என்று. பையிலிருந்து ஒரு துணிமூட்டையை அவிழ்த்தார். மகனுக்காகச் சுட்டது, உள்ளே பாலாடைக்கட்டி வைத்த தட்டை ரொட்டி. உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். சாப்பிடாமல் இருக்க முடியாது. அவர் வழக்கப்படி அது பெரிய அவமரியாதை என்று மகன் ஒரு முறை சொல்லியிருந்தான். சாப்பிட்டேன்.

பத்து நாளுக்கு ஒரு முறை போனோம். சில நாள் உள்ளே விட்டார்கள், சில நாள் விடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் இதைச் சொல்லப் பார்த்தேன். பொய் சொன்னேன் என்று தொடங்கினால் சரியாக வரவில்லை, நல்லது செய்ய நினைத்தேன் என்று தொடங்கினால் அதுதான் பொய்யாக இருந்தது. எட்டு நாளைப் பற்றி மட்டும் சொன்னேன்.

கோப்பை மறுபடியும் திறந்தார்கள். இரண்டாம் நேர்காணலில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார்களாம். எப்போது நடந்தது? காட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன், நாள் தெரியாது என்றிருக்கிறார். முத்திரையைக் காட்டி, இதற்கு முன்பா என்று கேட்டிருக்கிறார்கள். முன்பு, எவ்வளவு முன்பு என்று தெரியாது என்றிருக்கிறார். அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. தெரியாது என்ற ஒரு சொல்லை நான் முதலிலேயே எழுதியிருந்தால் போதும்.

அட்டை வந்தது. எந்தக் கடிதம் எங்கே போய் எந்தக் கதவைத் திறந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் மகனை வெளியே விட்டார்கள். தலையை மழித்திருந்தார்கள். மெலிந்து, ஒரு காதுக்குப் பின்னால் சொறிந்து புண்ணாக்கியிருந்தான். அம்மாவும் மகனும் கட்டிக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் நின்றதால்தான். அந்நிய ஆள் முன்னால் அவர்கள் அப்படிச் செய்வதில்லை. அது புரிந்ததும் கார் சாவியைத் தேடுவது போலக் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றேன்.

பழைய சாலையிலேயே திரும்பினோம். அவன் முன்னால் உட்கார்ந்தான், அம்மா பின்னால். சிம்பாங் பூலாய் வந்ததும் தாகமாக இருக்கிறது என்றான். ஒரு கடையில் நிறுத்தினேன். மழை பெய்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் குன்றுகள் பாதிதான் தெரிந்தன. இரண்டு கிளாஸ் ஐஸ் தேநீரை ஒரே மூச்சில் குடித்தான். நான் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து குட்டி டைரியை எடுத்துவிட்டேன்.

"அங்கிள், இன்றைக்கு என்ன எழுதப்போகிறீர்கள்?"

அவன் குரலில் கிண்டல் இருந்தது. கிண்டல் மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. டைரியை மேசைமேல் மூடி வைத்தேன். அம்மா ஏதோ கேட்டார், அவன் விளக்கினான். அவர் யோசித்து ஒன்று சொன்னார். அவன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

"மழை பெய்தது என்று எழுதச் சொல்கிறார். அது எல்லோருக்கும் தெரியுமாம்."

எழுதினேன். அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் இருக்கிறது.

அவர்கள் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார்கள். வேறு நாடு எதுவும் கூப்பிடவில்லை. அந்த அம்மா வாரம் தவறாமல் என் மனைவியோடு பாசாருக்குப் போகிறார், குச்சாய் வாங்கி வெண்ணெயில் வேகவைக்கிறார். இங்கே அது வருடம் முழுதும் கிடைப்பதுதான் அவருக்கு ஒரே குறை. அங்கே அது முளைக்கும்போது கணவர் போன சமயம் வந்துவிட்டது என்று தெரியுமாம். இங்கே எப்போது நினைப்பது என்று தெரியவில்லை, அதனால் எப்போதும் நினைக்க வேண்டியிருக்கிறது என்றாராம். மகன் தெருவில் பார்த்தால் தலையசைக்கிறான். அம்மா கூப்பிட்டால் வீட்டுக்கும் வருகிறான், தனியாக வருவதில்லை.

தோட்டங்களின் காலவரிசையை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பதிவாகத் திரும்பப் பார்க்கிறேன். யாரோ சொன்னதற்கும் நான் நிரப்பியதற்கும் வித்தியாசம் தெரியாமல் போன இடங்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவற்றை வெள்ளை மையால் அழிக்கிறேன். சில பக்கங்களில் கட்டங்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. அவன் முகாமில் இருந்த நாட்களை எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே போன நாளும் வெளியே வந்த நாளும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த எண்ணை நான் யாரிடமும் கேட்டு எழுதவில்லை, கணக்கிட்டு ஊகிக்கவும் இல்லை. அது என்னுடையது.